கோவேறு கழுதை ஓட்டியவர் அளந்த பிரபஞ்சம்

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் எட்வின் ஹபிள் என்று எழுதுவோம், மதிப்பெண்ணும் கிடைக்கும். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான். அந்தக் கண்டுபிடிப்புக்காக மலையுச்சியில், குளிரில், இருட்டில், இரவிரவாக நின்று ஒளியைச் சேகரித்தவர் ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். கோவேறு கழுதை ஓட்டியவர். அதே வானாய்வகத்தில் தரை கூட்டியவர். மில்டன் ஹூமசன் என்ற அந்தப் பெயர் நம் பாடநூல்களில் இல்லை.

இதை "உழைத்தால் உயரலாம்" என்ற கதையாகச் சொல்ல நாம் வரவில்லை. அந்தக் கதையைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். "தகுதி, தகுதி" என்று நம் முகத்துக்கு நேரே சொல்கிறார்களே, அந்தத் தகுதி எங்கே பிறக்கிறது, யார் கையில் பூட்டுச் சாவி இருக்கிறது என்பதைப் பார்க்க இந்த வரலாறு உதவும். அதனால்தான் எழுதுகிறோம்.

மலை யாருடையது, சுமந்தது யார்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பசடேனா நகருக்கு மேலே சான் கேப்ரியல் மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரத்தில் உள்ளது மவுண்ட் வில்சன். அது தோங்வா பழங்குடி மக்களின் நிலப்பகுதி. 1864இல் பெஞ்சமின் வில்சன் என்ற நில உடைமையாளர் மரம் வெட்டி இறக்க மேலே பாதை போட்டார். மலைக்கு அவர் பெயர் வந்துவிட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பெயர் போய்விட்டது. பெயர் அழிப்பு நமக்குப் புதிதல்ல, நம் தெருப் பலகைகளிலேயே அதைப் பார்த்திருக்கிறோம்.

1904இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்ற வானியலாளர், கார்னகி நிறுவனத்தின் பணத்தில் அங்கே வானாய்வகத்தைத் தொடங்கினார். 1908இல் 60 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. 1917இல் 100 அங்குலத் தொலைநோக்கி வந்தது. அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான். அதன் கண்ணாடி மட்டும் 4 டன்னுக்கு மேல் எடை. பிரான்சில் வார்க்கப்பட்டு, கப்பலேறி வந்து, பசடேனாவில் ஆண்டுக்கணக்கில் தேய்க்கப்பட்டு, கடைசியில் லாரியில் மலையேறியது.

அந்த மலைப்பாதை தொடக்கத்தில் மிகக் குறுகலானது. மரம், இரும்பு, சிமெண்ட், சாப்பாட்டுச் சாமான் என்று மேலே போன பொருள்களில் பெரும்பகுதி கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போனது. அந்தக் கழுதைகளை ஓட்டிய இளைஞர்களில் ஒருவர் ஹூமசன். 1891இல் மின்னசோட்டாவில் பிறந்தவர். 14 வயதில் இந்த மலைக்கு முகாம் வந்தபோது இடம் பிடித்துப்போய், ஓராண்டு பள்ளிக்கு விடுப்புக் கேட்டார். பிறகு பள்ளிக்குத் திரும்பவேயில்லை. மலை விடுதியில் எடுபிடி வேலை செய்தார், பிறகு கழுதை ஓட்டினார். 1911இல் வானாய்வகப் பொறியாளரின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். மலையிறங்கிச் சில ஆண்டுகள் தோட்ட வேலை பார்த்தார். 1917இல், 100 அங்குலத் தொலைநோக்கி முடியும் ஆண்டில், துப்புரவுத் தொழிலாளியாக மலைக்குத் திரும்பினார்.

இரவு உதவியாளர் என்ற வேலை

மலையுச்சி வானாய்வகம் என்றதும் விஞ்ஞானி ஒருவர் தனியாக வானத்தைப் பார்த்துச் சிந்திப்பதுபோல ஒரு படம் மனத்தில் வரும். நடப்பு அப்படியல்ல. அங்கே ஓர் இரவு நடக்கப் பலர் வேலை செய்ய வேண்டும். குவிமாடத்தைத் திருப்ப ஒருவர், கருவியைச் சரிபார்க்க ஒருவர், மின்சாரம் பார்க்க, தட்டுகளைக் கழுவ, சமைக்க என்று ஆள்கள் வேண்டும். விஞ்ஞானி கீழிருந்து சில இரவுகளுக்கு வந்து போவார். மலையிலேயே இருந்து கருவியின் மனநிலையை அறிந்தவர்கள் இந்த உதவியாளர்கள்தாம்.

ஹூமசன் தரை கூட்டிக்கொண்டே, இரவு உதவியாளர் வராத நாள்களில் அந்த இடத்தில் நின்றார். அப்படியே வேலை கற்றார். புகைப்படத் தட்டுகளைக் கையாளக் கற்றார். செத் நிக்கல்சன் என்ற வானியலாளர் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹார்லோ ஷாப்லி அவரது கைத்திறனைக் கவனித்தார். சில ஆண்டுகளில் ஹேல் அவரை அறிவியல் பணியாளர் பட்டியலில் சேர்த்தார். பட்டமில்லாதவரை, அதுவும் தரை கூட்டியவரைச் சேர்ப்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. ஹேல் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைவிலுள்ள விண்மீன் திரள் ஒன்றின் ஒளி மிக மங்கலானது. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பதிய வைக்க வேண்டும். அந்த நிறமாலையின் நீளம் சில மில்லிமீட்டர்தான். அதில் கால்சியம் உண்டாக்கும் இரண்டு கருங்கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கமாக எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தால், அந்தத் திரள் நம்மைவிட்டு எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று கணக்கிடலாம். இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம்.

பதிவாக ஒரு மணி இரண்டு மணி போதாது, பல இரவுகள் வேண்டும். விடியும்போது தட்டை ஒளிபடாமல் மூடிவைத்து, மறுநாள் இரவு அதே திரளை அதே இடத்தில் மீண்டும் பிடிக்க வேண்டும். பூமி சுழல்வதால் தொலைநோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். இயந்திரம் அதைத் திருப்பினாலும் சிறு பிசகு வந்துகொண்டே இருக்கும். கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல், கையால் நுணுக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குவிமாடத்துக்குள் கணப்பு வைக்கக் கூடாது. சூடான காற்று மேலெழுந்தால் படம் கலங்கிவிடும். குளிர்கால இரவு முழுவதும் அந்த நிலையில் நிற்பதுதான் வேலை.

1928இல் பெகாசஸ் விண்மீன் தொகுதியில் உள்ள என்.ஜி.சி. 7619 என்ற திரளை ஹூமசன் பதிவு செய்தார். ஒரு தட்டுக்கு 33 மணி நேரம். இன்னொரு தட்டுக்கு 45 மணி நேரம். கிடைத்த வேகம் விநாடிக்கு 3,779 கிலோமீட்டர். அதுவரை அளந்த மிக அதிக வேகத்தைப்போல இரண்டு மடங்கு. அந்த முதல் நீண்ட பதிவுக்குப் பிறகு, இந்தக் கருவியோடு இனி இப்படி நிற்க முடியாது என்று ஹூமசன் சொன்னதாகவும், நல்ல கருவி செய்துதருவதாக ஹேல் வாக்களித்த பிறகே தொடர்ந்ததாகவும் சொல்லப்படுகிறது. பிறகு வேகமாக ஒளி சேர்க்கும் புதிய கேமரா லென்ஸ் வந்தது. வேலை செய்பவர் வாய் திறந்தால்தான் கருவி மாறும் என்பது வானியலுக்கும் பொருந்தும்.

1929இல் ஹூமசனின் சிறு கட்டுரையும் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. தொலைவு கூடக் கூட வேகமும் கூடுகிறது என்று ஹபிள் காட்டினார். 1931இல் இருவர் பெயரிலும் பெரிய கட்டுரை வந்தது. அதில் வேகம் விநாடிக்கு 20,000 கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. தொலைவை அளந்தவர் ஹபிள், வேகத்தை அளந்தவர் ஹூமசன். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அந்த விதி இல்லை.

யார் பெயர் நிற்கிறது

நியாயமாகச் சொன்னால், ஹபிள் ஹூமசனின் பெயரைத் திருடவில்லை. ஆய்விதழில் பெயர் இருக்கிறது. வரலாறுதான் பெயரை உதிர்த்தது. ஹபிளின் 1929 கட்டுரையிலிருந்த வேகங்களில் பெரும்பாலானவற்றை அரிசோனாவின் லோவல் வானாய்வகத்தில் அளந்தவர் வெஸ்டோ ஸ்லைபர். அவர் பெயரும் உதிர்ந்தது. தொலைவை அளக்கும் அளவுகோலைத் தந்தவர் ஹென்ரியேட்டா லீவிட். ஹார்வர்டில் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக் கணக்கெடுக்க மணிக்கு 30 சென்ட் கூலி வாங்கிய பெண். ஒளி மாறும் ஒருவகை விண்மீன்களின் ஒளிர்வுக்கும் அவை மாறும் கால அளவுக்கும் உள்ள தொடர்பை 1912இல் தெளிவாக எழுதினார். அது இல்லாமல் ஹபிளுக்குத் தொலைவே கிடையாது. பன்னாட்டு வானியல் சங்கம் 2018இல் அந்த விதிக்கு ஹபிள்–லெமேத்ர் விதி என்று பெயர் மாற்றப் பரிந்துரைத்தது. 1927லேயே அதைக் கணித்த பெல்ஜிய அறிஞருக்குத் தாமதமாகவேனும் நீதி கிடைத்தது, நல்லது. கோடுகளை அளந்த கைகள் அப்போதும் பெயரில் சேரவில்லை.

வானியலாளர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆண்ட்ரோமீடாவின் தட்டொன்றில் ஒளி மாறும் விண்மீன்கள் சில இருப்பதாக ஹூமசன் மையால் குறித்து ஷாப்லியிடம் காட்டினாராம். ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பிய ஷாப்லி, அவை அப்படிப்பட்ட விண்மீன்களாக இருக்க முடியாது என்று விளக்கிவிட்டு, கைக்குட்டையை எடுத்து அந்தக் குறிகளைத் துடைத்துவிட்டாராம். 1923இல் ஹபிள் அதே ஆண்ட்ரோமீடாவில் அப்படி ஒரு விண்மீனைக் கண்டார். அது பால்வீதிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்று நிறுவினார். ஷாப்லி கெட்டவர் அல்ல, ஹூமசனை வளர்த்தவர்களில் ஒருவர். ஆனால் பட்டம் பெற்றவர் சொன்னதும் பட்டமில்லாதவர் கண்டதும் மோதும்போது, துடைக்கப்படுவது எது என்று இந்தக் கதை சொல்கிறது. வகுப்பறையில் கேள்வி கேட்டு உட்கார வைக்கப்பட்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதவு யாருக்குத் திறந்தது

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். ஹூமசனுக்குக் கதவு எப்படித் திறந்தது?

அவர் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறமை வெளிப்படச் சில நிபந்தனைகள் நிறைவேறின. துப்புரவுத் தொழிலாளியான அவரைக் கருவியைத் தொட விட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிகாரத்தில் இருந்த ஒருவர் எதிர்ப்பை மீறிக் கையெழுத்துப் போட்டார். அவர் அங்கிருந்த பொறியாளரின் மருமகன். அவர் வெள்ளையர். அவர் ஆண்.

கடைசி இரண்டையும் சும்மா சொல்லவில்லை. மார்கரெட் பர்பிட்ஜ் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர். 1940களில் இதே மலையில் ஆய்வு செய்ய நல்கை கேட்டார். பெண்களுக்கு அங்கே தொலைநோக்கி நேரம் கிடையாது என்று மறுக்கப்பட்டார். 1955இல் அவர் கணவர் நல்கை பெற்று வந்தபோது, அவருடைய உதவியாளர் என்ற பெயரில்தான் மார்கரெட் மலையேறி ஆய்வு செய்தார். வானியலாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே 'மடாலயம்' என்றே பெயர், அதில் பெண்களுக்கு இடமில்லை. பக்கத்துப் பாலமார் மலையின் பெரிய தொலைநோக்கியில் வேரா ரூபினுக்கு முறையான அனுமதி கிடைத்தது 1965இல்தான். பட்டமில்லாத வெள்ளை ஆணுக்குத் திறந்த கதவு, பட்டம் பெற்ற பெண்ணுக்கு மூடியிருந்தது. அப்படியானால் அந்த வாசலில் அளக்கப்பட்டது தகுதி மட்டுமா?

மவுண்ட் வில்சனோடு நம் நாட்டுக்கும் ஓர் இழை உண்டு. மேகநாத் சாகா 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சாதிப் படிநிலையில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குடும்பம். கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் அவரோடு சேர்ந்து உண்ண மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். அந்த மாணவர்தான் 1920இல் விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் சாவியை உலகுக்குத் தந்தார். வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அணுக்கள் எப்படி அயனியாகின்றன என்று சொல்லும் சாகா சமன்பாடு அது. தன் கோட்பாட்டைச் சோதிக்க அவரிடம் கருவி இல்லை. சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் ரூபிடியம் தெரிய வேண்டும் என்பது அவருடைய கணிப்பு, அதைத் தேடும்படி மவுண்ட் வில்சனின் ஹேலுக்கு எழுதினார். ஹென்றி நோரிஸ் ரசல் அங்கே தேடினார், ரூபிடியம் கிடைத்தது. ஒரே சாப்பாட்டு அறையில் உட்காரத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர், சூரியனில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார்.

நம் மலைகள்

தமிழ்நாட்டிலும் மலையுச்சி வானாய்வகங்கள் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டார். அவர் பெயரில் அந்த விளைவு நிற்கிறது. ஆய்வகம் தொடங்கியபோது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. கருவிகள் சும்மா மேலே போய்விடவில்லை, யாரோ சுமந்தார்கள். துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போன அதே பாதையில் சுமந்தார்கள். அந்தத் தோள்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஹூமசனின் கழுதைக்கும் நம் பாட்டன்மாரின் தலைச்சுமைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கழுதை ஓட்டியவர் பத்தாண்டில் தொலைநோக்கிக்கு அருகே போனார். நம் ஊரில் சுமந்தவரின் மகன் சுமந்தார், பேரனும் சுமந்தார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிப்படியாக அடுக்கி, அந்த அடுக்கைப் பிறப்போடு கட்டிவிட்டது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே வாதிட்டது இதைத்தான்.

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. சுற்றிலும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் குவிமாடத்துக்குள் காவலாளியாக அல்லாமல் ஆய்வாளராக நுழைந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இன்றைக்கு அந்த இரவு உதவியாளர் வேலை 'துணை வானியலாளர்' என்ற பதவியாக வளர்ந்திருக்கிறது. ஹவாய்த் தீவின் மவுனா கியா உச்சி 4,200 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு. அங்கே வேலை செய்பவர்கள் 2,800 மீட்டரில் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போகிறார்கள். தொலைதூர நாட்டு ஆய்வாளர் இப்போது மலையேறுவதே குறைவு. எந்த இரவில் எந்தப் பொருளைப் பார்ப்பது, மேகம் வந்தால் எதை மாற்றுவது, கருவி சரியாக அளக்கிறதா என்று முடிவெடுப்பது துணை வானியலாளரும் கருவி இயக்குநரும். கட்டுரையின் கடைசியில் நன்றி வரியில் அவர்கள் வருவார்கள், சில சமயம் அதுவும் இல்லை. அதே மவுனா கியா ஹவாய்ப் பூர்வகுடிகளுக்குப் புனிதமான மலை. அங்கே இன்னொரு பெரிய தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்து 2019 ஜூலையில் அவர்களின் மூத்தோர் சாலையில் அமர்ந்து கைதானார்கள். அவர்களை அறிவியலின் எதிரிகள் என்று சிலர் எழுதினார்கள். மண்ணின் மக்களைக் கேட்காமல் எதையும் கட்டாதே என்பதுதான் அவர்கள் கோரிக்கை. நாமும் அதைத்தானே கேட்கிறோம்?

நாம் செய்ய வேண்டியது

ஹூமசன் 1950இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திடமிருந்து கௌரவ முனைவர் பட்டம் பெற்றார். 1956இல் மேயால், சாண்டேஜ் ஆகியோருடன் அவர் வெளியிட்ட செம்பெயர்ச்சிப் பட்டியலில் அவர் உழைப்பில் மட்டும் 600க்கும் மேற்பட்ட திரள்கள். 1957இல் ஓய்வு பெற்றார், 1961இல் ஒரு வால்மீனைக் கண்டார், 1972இல் இறந்தார். 1980இல் கார்ல் சாகன் தன் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடரில் இந்தக் கழுதை ஓட்டியின் கதையை உலகுக்குச் சொன்னார்.

சாகனைப்போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று கனவு கண்ட ஒரு தோழர் நமக்கு இருந்தார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ரோஹித் வெமுலா. உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று நம்மைவிட்டுப் போனார். தரை கூட்டியவரைக் குவிமாடத்துக்குள் அழைத்த ஒரு நிறுவனத்தின் கதையைச் சொன்னவர் சாகன். அந்தச் சாகனை நேசித்த மாணவரை அறையைவிட்டு வெளியே தள்ளியது நம் கல்வி அமைப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தகுதி பற்றிய பேச்சின் பொய் தெரியும்.

ஆகவே தோழர்களே, ஹூமசனை யாராவது உங்களிடம் இடஒதுக்கீட்டுக்கு எதிரான உதாரணமாகக் காட்டினால் ஏமாறாதீர்கள். நல்ல மனம் கொண்ட ஓர் இயக்குநர் கிடைத்ததால் ஒருவர் மேலே போனார். நல்ல மனத்தை நம்பி ஒரு சமூகம் காத்திருக்க முடியாது. ஹேல் தன் விருப்பத்தால் செய்ததைச் சட்டத்தால் எல்லோருக்கும் செய்வதுதான் இடஒதுக்கீடு.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கருவியைத் துடைக்கும் அக்காவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டாக இருக்கிறார், அவருக்குப் படிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டில் அவர்கள் பெயரை எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான ஆய்வு இடங்கள் உங்கள் துறையில் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வானியல் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் சேரியிலும் மலையூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நிக்கல்சன் வேண்டும். அந்த வேலையை நாம் செய்யலாம், இந்த வாரமே தொடங்கலாம்.

ஜெய்பீம்.